நாலின்: ஒரு நீராவி யாட் கை மாறிய கதை

கேள்வி இதுதான்: 1936-ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட் தன் காதலியோடு சுற்றுலா போன ‘நாலின்’ என்ற நீராவி யாட் (பணக்காரர்களின் சொந்த உல்லாசக் கப்பல்) பிறகு என்ன ஆனது? இந்த மாதிரிக் கப்பல்கள் ஏன் இத்தனை கை மாறுகின்றன?

முதல் பாதிக்குப் பதில் சுலபம். நாலின் இன்னும் மிதக்கிறது. நடுவில் ஒரு ருமேனிய ராஜாவிடம் இருந்தது, கம்யூனிஸ்ட் அரசிடம் இருந்தது, ஆற்றங்கரையில் கட்டிப் போடப்பட்டு ஹோட்டலாகச் சாப்பாடு போட்டது. இப்போது வாக்குவம் கிளீனரால் பெயர் வாங்கிய ஜேம்ஸ் டைசனின் சொந்தக் கப்பல். இரண்டாவது பாதிக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பல வருடம் கப்பல் எஞ்சின் ரூமில் கழித்தவன், ஆரம்பத்தில் ஸ்டீம் டர்பைன், அதாவது நீராவி பாய்ந்து சுழற்றும் எஞ்சின், பூட்டிய கப்பல்களில். அதனால் ராஜா கதையை விட்டு அவ்வப்போது பாய்லர் பக்கம் போய்விடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலினைக் கட்டிய பணம் கல்கத்தாவில் சம்பாதித்தது. ஆண்ட்ரூ யூல் கம்பெனி 1863-ல் அங்கே தொடங்கியது. சணல், தேயிலை, நிலக்கரி என்று எதில் கை வைத்தாலும் ஓடியது. அப்போது உலகத்தில் கோதுமை, சர்க்கரை, காப்பிக்கொட்டை எல்லாமே சணல் சாக்கில்தான் பயணம் செய்தன. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்கு மணல் மூட்டை கோடிக்கணக்கில் தேவைப்பட்டது. வங்காளத்துச் சணல் ஆலைகள் கொழித்தன. கம்பெனியை வளர்த்தெடுத்த சர் டேவிட் யூல் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கல்கத்தாவிலேயே கழித்தார். 1928-ல் இறந்தபோது பிரிட்டனின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் அவர். மனைவி ஆனி ஹென்ரியெட்டா, கம்பெனியைத் தொடங்கிய ஆண்ட்ரூ யூலின் மகள், அதாவது டேவிட்டின் பெரியப்பா சித்தப்பா வழி உறவு. நம் கணக்கில் தங்கை முறை. அவர்கள் ஊரில் அதெல்லாம் பார்ப்பதில்லை. ஆண்ட்ரூ யூல் இன்றும் இந்திய அரசு நிறுவனமாக இருக்கிறது, தேயிலை விற்கிறது.

கணவர் போன பிறகு சீமாட்டி யூலும் மகள் கிளாடிஸும் உலகம் சுற்ற ஒரு கப்பல் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வடிவமைத்தது ஜி. எல். வாட்சன் நிறுவனம். கட்டியது ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் உள்ள கிளைட்பேங்க்கில், ஜான் பிரவுன் கப்பல் தளம். பயணிக் கப்பல் லூசிட்டானியாவும் போர்க்கப்பல் ஹூடும் அங்கே பிறந்தவைதான். நாலின் 1930 ஏப்ரலில் நீரில் இறங்கியது; அதே வருடம் டிசம்பரில் அதே தளத்தில் குயின் மேரி என்ற பெரும் பயணிக் கப்பலுக்கு அடிக்கட்டை போட்டார்கள். அட்லாண்டிக் கடக்கும் பெருங்கப்பல் செய்கிற கைகள் ஒரு வீட்டுக்காரம்மாவுக்காகச் செய்த கப்பல் என்பதை மனதில் வையுங்கள். பின்னால் உதவும்.

நீளம் 300 அடி, அதாவது 91 மீட்டர் சொச்சம். பாய்க்கப்பல் காலத்து வளைந்த முகப்பு, இரண்டு பாய்மரம், ஒற்றைப் புகைபோக்கி, வெள்ளை உடம்பு. மூக்கு நுனியில் இறகுக் கிரீடம் சூடிய வட அமெரிக்கப் பழங்குடி ஒருவரின் சிலை. நாலின் என்பது அந்த மக்களின் சொல், ‘வேகமாக ஓடும் பாதம் கொண்டவர்’ என்று பொருள் சொல்கிறார்கள். உள்ளே விருந்தினருக்கு ஆறு பெரிய அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, நூலகம், உடற்பயிற்சி அறை. ஆறு அறைக்காரர்களைக் கவனிக்க ஐம்பதுக்கு மேற்பட்ட ஊழியர்கள்.

அந்த ஐம்பது பேர்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில். நாலினில் இருந்தவை எண்ணெயில் எரியும் பாய்லர்கள், பல்சக்கரம் பூட்டிய டர்பைன்கள், இரண்டு புரொப்பல்லர். டர்பைன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். புரொப்பல்லருக்கு அதில் சிறு பங்கு போதும். அதைக் குறைக்கத்தான் நடுவில் பல்சக்கரம். ஓடும்போது அதிர்வே தெரியாது. டீசல் கப்பலில் மேஜை மேல் வைத்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை வரும். டர்பைன் கப்பலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். பணக்காரர்கள் நீராவிக்கு மயங்கியதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தச் சுகத்துக்குக் கூலி உண்டு. ஆறிப்போன பாய்லரைத் திடீரென்று பற்றவைத்துக் கிளம்ப முடியாது. உள்ளே இருக்கும் செங்கல் பூச்சு வெடிக்கும், குழாய் கசியும். மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். டர்பைனையும் சுற்றிக்கொண்டே சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் தண்டு வளைந்துபோகும். பாய்லருக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் ஓயாமல் வேண்டும். ராத்திரி பகல் மூன்று ஷிப்டில் பயர்மேன், கிரீசர், எஞ்சினியர் என்று ஆள் நிற்க வேண்டும். அம்மா “நாளைக்குக் கிளம்பலாமா?” என்று கேட்டால் கீழே இருப்பவன் இன்றைக்கே எரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். துறைமுகத்தில் சும்மா நின்றாலும் சம்பளம் ஓடும். 1930-லேயே டீசல் யாட்கள் வரத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் கட்டிய கடைசிப் பெரிய நீராவி யாட்களில் நாலின் ஒன்று. பிறக்கும்போதே பழைய காலத்துப் பிள்ளை.

அதே வருடம், அதே கிளைட் ஆற்றில், இன்னொரு தளத்தில் ‘ரோவர்’ என்று ஒரு நீராவி யாட்டும் இறங்கியது. அதற்குச் சொந்தக்காரர் இஞ்ச்கேப் பிரபு. அவரும் கல்கத்தாவில் தொழில் வளர்த்த வியாபாரிதான்; பி அண்ட் ஓ, பிரிட்டிஷ் இந்தியா என்ற இரண்டு பெரும் கப்பல் கம்பெனிகளும் அவர் கையில் இருந்தன. பிரிட்டிஷ் இந்தியா என்றால் நம்மவர்களுக்கு ரஜூலா ஞாபகம் வரும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல். அப்படிப் படுத்துப் போனவர்களின் டிக்கெட் காசும் ரோவரின் தேக்குப் பலகையில் கொஞ்சம் இருந்திருக்கும். ரோவரை ஏன் இழுக்கிறேன் என்றால், நாலினும் ரோவரும் இரண்டு அக்கா தங்கை மாதிரி. ஒருத்தி போன வழியைப் பார்த்தால்தான் மற்றவள் பிழைத்தது எவ்வளவு அதிசயம் என்று புரியும்.

சரி, ராஜா கதைக்கு வருவோம். சில வருடங்களில் சீமாட்டி யூல் கப்பலை வாடகைக்கு விடும் நிலைக்கு வந்துவிட்டார். 1936 கோடையில் அதை எடுத்தவர் புது மன்னர் எட்வர்ட். அரச குடும்பத்துக்கென்று ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்’ என்ற யாட் இருந்தது, ஆனால் அதில் ஏறினால் கூடவே அரசாங்கமும் ஏறிவிடும். ஆகஸ்ட் 10 அன்று யூகோஸ்லாவியாவின் ஷிபெனிக் துறைமுகத்தில் காதலி வாலிஸ் சிம்ப்சனோடும் நண்பர்களோடும் நாலினில் ஏறினார். அமைச்சர் டஃப் கூப்பரும் அவர் மனைவி டயானாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நூலகத்துப் புத்தகங்களை இறக்கிவிட்டு அந்த இடத்தில் பாட்டில்களை அடுக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. ஊருக்குத் தெரியக் கூடாது என்று மன்னர் லங்காஸ்டர் கோமகன் என்ற பெயரில் போனார். பின்னாலேயே கிராஃப்டன், குளோவொர்ம் என்று இரண்டு போர்க்கப்பல்கள் பாதுகாப்புக்கு வந்தன. ரகசியப் பயணத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

டூப்ரோவ்னிக், கோர்ஃபு, கொரிந்து கால்வாய் வழியாக ஏதென்ஸ் என்று போய், செப்டம்பர் 4-ல் இஸ்தான்புல்லில் துருக்கி அதிபர் அத்தாதுர்க்கைச் சந்தித்தார். கொரிந்து கால்வாய் இருபத்தைந்து மீட்டர்கூட அகலமில்லாத ஒரு வெட்டு. கரையில் நின்றவர்களுக்கு மேல்சட்டையில்லாத இங்கிலாந்து ராஜா கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனார். அமெரிக்கப் பத்திரிகைகள் படம் படமாகப் போட்டன. பிரிட்டிஷ் பத்திரிகைகள் டிசம்பர் முதல் வாரம் வரை வாயைத் திறக்கவில்லை. திறந்து ஒரு வாரத்தில், வாலிஸை மணப்பதற்காக எட்வர்ட் முடிதுறந்தார். நாலின் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அந்த நான்கு வாரப் பயணத்தால்தான். கப்பலின் தொண்ணூறு வருட வாழ்வில் அது ஒரு மாதம்கூட முழுசாக இல்லை.

அடுத்த வருடமே, 1937-ல், ருமேனியாவின் இரண்டாம் கரோல் மன்னருக்காக 1,20,000 பவுண்டுக்கு நாலினை வாங்கினார்கள். விலைக்குப் போன பொருளைவிட வாங்கிய ஆள்தான் சுவாரசியம். எட்வர்டைப் போலவே இவரும் விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரன். இவருக்கும் எலெனா லுபெஸ்கு என்று ஒரு காதலி. அந்தப் பெண்ணுக்காக 1925-ல் வாரிசு உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டு வெளிநாடு போனவர், 1930-ல் திரும்பி வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். கப்பலுக்கு ‘லுச்சாஃபருல்’ என்று பெயர் வைத்தார், மாலை வெள்ளி என்று அர்த்தம். 1940 செப்டம்பர் 6-ல் இவரும் முடிதுறந்தார். இந்தக் கப்பலில் ஏறினால் ராஜ்யம் போகும் என்று நம் ஊராக இருந்தால் அன்றைக்கே பரிகாரம் செய்திருப்பார்கள். ஒரு விஷயம்: கரோல் தப்பி ஓடியது இந்த யாட்டில் இல்லை. லுபெஸ்குவோடும் சாமான்களோடும் ரயிலில் போனார். வழியில் ரயில் மேல் துப்பாக்கிச் சூடுகூட நடந்தது. யாட் கருங்கடல் பக்கமே தங்கிவிட்டது.

தங்கிவிட்டதுதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. இங்கே ரோவரைப் பார்க்க வேண்டும். இஞ்ச்கேப் பிரபு 1932-ல் மான்டி கார்லோ துறைமுகத்தில் ரோவருக்குள்ளேயே இறந்தார். அடுத்த வருடம் அதை ஹாலிவுட் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்கி ‘சதர்ன் கிராஸ்’ ஆக்கினார். அவரிடமிருந்து ஸ்வீடன்காரர் ஆக்செல் வென்னர்-கிரென் கைக்குப் போனது. அவர் எலக்ட்ரோலக்ஸை நிறுவியவர், வாக்குவம் கிளீனரில் பணம் பார்த்தவர். ஆக அக்காவும் தங்கையும் வேறு வேறு காலத்தில் வாக்குவம் கிளீனர் முதலாளிகள் கையில் இருந்திருக்கிறார்கள். நான் இதைக் கவனித்த அன்று சிரித்துக்கொண்டே இருந்தேன்.

1939 செப்டம்பர் 3, போர் அறிவித்த அன்றே, ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதீனியா என்ற பயணிக் கப்பலை அட்லாண்டிக்கில் தாக்கியது. முதலில் வந்து சேர்ந்த கப்பல்களில் ஒன்று சதர்ன் கிராஸ். கம்பளம் விரித்த அந்த யாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் எண்ணெய் நனைந்த துணியோடு ஏற்றப்பட்டார்கள். அப்புறம் இன்னொரு வேடிக்கை. முடிதுறந்த எட்வர்டைப் போர்க்காலத்தில் பஹாமாஸ் தீவுகளுக்கு ஆளுநராக அனுப்பி வைத்தார்கள். அங்கே வென்னர்-கிரென் அண்டைவீட்டுக்காரர் மாதிரி. 1940 டிசம்பரில் வாலிஸின் பல் வைத்தியத்துக்காக இருவரும் மயாமிக்குப் போனது சதர்ன் கிராஸில்தான். 1930-ல் கிளைட்டில் இறங்கிய இரண்டு யாட்டிலும் அதே ஜோடி போயிருக்கிறது, ஒன்றில் ராஜாவாக, மற்றொன்றில் பல்வலிக்கு. வென்னர்-கிரெனின் பெயரை அமெரிக்கா 1942-ல் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கப்பல் மெக்சிகோ கடற்படைக்குப் போய் ‘ஒரிசாபா’ ஆனது. 1960-ல் உடைத்து ஸ்கிராப்பாக விற்றார்கள்.

நீராவி யாட்டுக்கு இதுதான் வழக்கமான தலைவிதி. முதல் சொந்தக்காரர் சாவார், வாரிசுகளுக்குச் சம்பளப் பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றும். பாதி விலைக்கு இன்னொரு பணக்காரர் வாங்குவார். போர் வந்தால் கடற்படை எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் வேகமான, நல்ல இரும்பு உடம்புள்ள, நடுத்தர அளவுக் கப்பல் ரோந்துக்கு லட்டு மாதிரி. போர் முடிந்தால் சாம்பல் வண்ணம் பூசி, தட்டுமுட்டெல்லாம் கழற்றிய கூடு மிஞ்சும். அதைத் திரும்ப யாட் ஆக்குகிற செலவுக்குப் புது டீசல் யாட் கிடைக்கும். பிறகு கப்பல் உடைக்கும் இடம்தான்.

நாலின் அந்த வரிசையில் நிற்காமல் டான்யூப் ஆற்றில் ஒதுங்கிவிட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் மாலை வெள்ளி என்ற ராஜா வைத்த பெயர் போய், கடைசியில் ‘லிபெர்டாட்டியா’, அதாவது விடுதலை என்று ஆனது. கலாட்ஸ் நகரத்தில், டான்யூப் கரையில் நிறுத்தி முதலில் மிதக்கும் அருங்காட்சியகமாகவும் பிறகு உணவு விடுதியாகவும் வைத்தார்கள். கடற்கப்பல்கள் ஏறி வரக்கூடிய அளவுக்கு அங்கே ஆறு ஆழம். யூல் அம்மாவின் கூடங்களில் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதைப் பலரும் அவமானம் மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோட்டலுக்கு எஞ்சின் தேவையில்லை, ஆனால் கூரை ஒழுகக் கூடாது, தரை நாறக் கூடாது, படிக்கட்டுக் கைப்பிடி ஆடக் கூடாது. அதனால் யாராவது தினமும் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்று, ஆற்றுத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் நல்ல தண்ணீரில் கிடையாது. அலையில் முறுக்கிப் பிழியப்படாமல், உப்பு தின்னாமல், ஐம்பது வருடம் ஒரே இடத்தில் நின்ற உடம்பு. கிளைட்பேங்க்காரன் பெருங்கப்பலுக்குப் போடும் கணக்கில் தைத்த உடம்பு வேறு.

இதே காலத்தில் துருக்கியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயும் ஒரு பணக்காரப் பெண்ணின் கப்பல்தான். புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ரோப்லிங்கின் பேத்தி எமிலி கட்வாலடர் 1931-ல் ஹாம்பர்க்கில் ‘சவரோனா’வைக் கட்டினார். அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் பெரிய வரி கட்ட வேண்டும் என்பதால் ஊருக்கே கொண்டுபோகவில்லை. 1938-ல் துருக்கி அரசு அத்தாதுர்க்குக்காக வாங்கியது. அதற்குள் அவருக்கு நோய் முற்றிவிட்டது. சில வாரங்கள்தான் அதில் இருந்தார், நவம்பரில் காலமானார். பிறகு அது கடற்படை மாணவர்களின் பயிற்சிக் கப்பல் ஆனது. 1979-ல் தீப்பிடித்து உள்ளே எல்லாம் போனது. 1989-ல் ஒரு தொழிலதிபருக்கு நீண்ட குத்தகைக்கு விட்டார்கள். அவர் புதுப்பித்தபோது டர்பைனைக் கழற்றிவிட்டு டீசல் போட்டார். பயிற்சிக் கப்பலாக உழைத்தது எரிந்தது, ஹோட்டலாகச் சோம்பிக் கிடந்தது பிழைத்தது.

ருமேனியாவில் 1989-ல் ஆட்சி மாறியது. லிபெர்டாட்டியா தனியார் கைக்குப் போனது. பிரிட்டனின் யாட் தரகர் நிக்கோலஸ் எட்மிஸ்டனும், ஜி. எல். வாட்சன் நிறுவனத்தின் வில்லியம் காலியரும் அதைத் தேடிப் போய் 1999-ல் வாங்கினார்கள். வரைந்த நிறுவனத்தின் பெயரே அறுபத்தொன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து கப்பலைக் கூட்டிக்கொண்டு போனது என்று சொல்லலாம். நாட்டின் பாரம்பரியச் சொத்தை விற்றுவிட்டார்கள் என்று ருமேனியாவில் சத்தமும் எழுந்தது, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொந்தமாக ஓட முடியாத நிலை என்பதால் பெரிய சுமைக்கப்பல் ஒன்றின் முதுகில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே லிவர்பூல் பக்கம் வேலை தொடங்கி, கப்பல் தளமே கடனில் மூழ்கியதால் நின்றது. கடைசியில் ஜெர்மனிக்குப் போய், ரெண்ட்ஸ்பர்க்கிலும் ஹாம்பர்க்கிலும் வருடக்கணக்கில் வேலை நடந்து, டைசனுக்காக 2010-ல் முடிந்தது. பெயரும் திரும்ப நாலின் ஆனது. முகப்பில் இறகுக் கிரீடத்தோடு அந்தச் சிலையும் இருக்கிறது.

படங்களில் பார்த்தால் 1930-ல் எடுத்த போட்டோவுக்கு வண்ணம் தீட்டியது போலத் தெரியும். ஆனால் எஞ்சின் ரூமில் பாய்லர் இல்லை, டர்பைன் இல்லை, டீசல் எஞ்சின்கள் ஓடுகின்றன. என்னைப் போன்ற பழைய ஸ்டீம் ஆளுக்கு அது உறுத்தும். நியாயமாகப் பார்த்தால் இன்றைக்கு அந்த டர்பைனுக்கு உதிரிபாகம் வார்க்க ஆள் தேட வேண்டும், சான்றிதழ் உள்ள ஸ்டீம் எஞ்சினியர்களைத் தேட வேண்டும், கிளம்ப நினைத்த நாளுக்கு முந்தின நாளே பற்றவைக்க வேண்டும். காசு என்னுடையதாக இருந்தால் நானும் டீசல்தான் போட்டிருப்பேன்.

உங்கள் கேள்வியில் ‘நீராவி யாட்’ என்று எழுதியிருந்தீர்கள். சீமாட்டி யூல் காலத்தில் அதன் பெயருக்கு முன்னால் நீராவி யாட்டைக் குறிக்கும் எஸ்.ஒய். என்ற இரண்டு எழுத்து இருந்தது. இப்போது அந்த இடத்தில் எம்.ஒய். இருக்கிறது, மோட்டார் யாட்.